விளக்கா, வெயிலா, மாத்திரையா?

மணலியில் சி ஷிப்ட், அதாவது நைட் டூட்டி, முடிந்து காலை ஆறேகாலுக்கு வண்டியை எடுத்தால், திருவொற்றியூர் வரை சூரியன் நேர் எதிரில் நிற்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து எட்டு மணிக்குப் படுத்தால் பதினொன்றுக்கே முழிப்பு தட்டிவிடும். ரொம்ப வருஷம் காயலான் கடை வண்டிக்காரரின் மைக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் குற்றம் அந்தச் சூரியன் மேல் என்று பிறகுதான் தெரிந்தது.

மூளையின் அடியில், ஹைப்போதலாமஸில், ஒரு சின்ன நரம்புக் கொத்து உடம்பின் கடிகாரமாக இருக்கிறது. சும்மா விட்டால் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும். தினமும் அதைத் திருத்தி வைப்பது கண்ணில் விழும் வெளிச்சம், முக்கியமாக 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2017ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். நம் ஊரிலும் எம். கே. சந்திரசேகரன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் பல ஆண்டுகள் உழைத்தார்.

தப்பிப்போன தூக்க நேரத்தைச் சரிசெய்ய விளக்கு, வெயில், மாத்திரை என்று எந்த வைத்தியத்தை எடுத்தாலும் முதலில் ஒரு கணக்கு வேண்டும். வழக்கமாக ஆறு, ஏழு மணிக்கு எழுபவருக்கு விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில் உடம்புச் சூடு மிகவும் குறைந்திருக்கும். அதற்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின்னால் பட்டால் முன்னுக்கு இழுக்கும். வெளிச்சம் அதே வெளிச்சம்தான், பட்ட நேரம்தான் வேறு.

சரி, விளக்கு. டாக்டர்கள் சொல்லும் அளவு 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), எழுந்ததும் அரை மணி நேரம். வெறும் 2,500 லக்ஸ் என்றால் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலைக்காகப் பிள்ளையை 'லைட்டில் வைப்பது' வேறு சமாச்சாரம். அங்கே ஒளி தோல் வழியாக வேலை செய்வதால் கண்ணை மூடிவிடுவார்கள். இங்கே கண்தான் வாசல். ஆன்லைனில் சில ஆயிரம் கொடுத்து ஒன்று வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 10,000. செல்போன் ஆப்பில் அளந்தால் முகத்தை ஒரு அடிக்குள் கொண்டுபோனால்தான் அந்தப் பக்கமே வருகிறது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் பாதிகூட இல்லை. அந்த நெருக்கத்தில் அரை மணி உட்கார்ந்து டீ குடித்துப் பாருங்கள், தெரியும்.

இந்த வைத்தியம் பேர் வாங்கியது குளிர்நாடுகளில். குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தால் குழுவினர் 1984ல் விவரித்து, வெளிச்சத்தால் அது குறைவதையும் எழுதினார்கள். சென்னையில் டிசம்பரில்கூடப் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போனால் மேகமூட்டத்திலும் ஆயிரக்கணக்கில் லக்ஸ். நம் ஹாலில் டியூப்லைட் தருவது சில நூறுதான். அதனால் பகலில் வேலை பார்ப்பவருக்கு என் ஓட்டு மாடிக்கே. சூரியனை முறைத்துப் பார்க்க வேண்டாம், திறந்த வானத்துக்குக் கீழே நின்றால் போதும்.

ஆனால் மாடியிலும் நேரம் தப்பினால் வம்புதான். வண்ணாரப்பேட்டையில் என் அக்கா மகன் இரவு மூன்றுக்குத் தூங்கி பதினொன்றுக்கு எழுபவன். அக்கா அவனை ஆறரை மணிக்கே எழுப்பி மாடிக்கு விரட்டினாள். ஒரு வாரத்தில் தூக்கம் நாலு மணிக்குப் போய்விட்டது. அவன் உடம்புக்கு அந்த ஆறரை மணி இன்னும் நடுராத்திரி, அந்த நேரத்து வெளிச்சம் பின்னுக்குத்தான் தள்ளும். "மாமா, நான் சொன்னேன்ல!" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பதினொன்றில் ஆரம்பித்து, இரண்டு நாளுக்கு அரை மணி என்று முன்னால் கொண்டுவந்தோம். மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது.

மெலடோனின் மாத்திரையைப் பலர் தூக்க மாத்திரை என்றே நினைக்கிறார்கள். அது 'இருட்டிவிட்டது' என்று உடம்புக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். கடையில் 10 மில்லிகிராம் வரை நீட்டுகிறார்கள். கடிகாரத்தை நகர்த்த அரை முதல் 3 மில்லிகிராமே போதும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. விளக்கிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவருக்கு அது மிகைக்கிளர்ச்சியை (மேனியா) தூண்டிவிடலாம். விழித்திரைக் கோளாறு உள்ளவரும் முதலில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என்னைப் போன்ற நைட் டூட்டிக்காரருக்கோ இந்த வரிசை தலைகீழ். முதல் இடம் இருட்டுக்கு. தொடர்ந்து பல நாள் நைட் என்றால் ஷிப்டின் முன்பாதியில் நல்ல வெளிச்சம், மூன்று மணிக்கு மேல் மங்கல், வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டாதீர்கள், அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரும். நான் ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிட்டேன். பின்பக்கம் பார்த்த சீட் கிடைத்தால் சூரியன் முதுகுக்கு. வாரம் ஒரு ஷிப்ட் மாறுபவருக்கு இதில் எதுவும் முழுசாகப் பலிக்காது, கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நகர்வதே பெரிய விஷயம். ரோஸ்டர் போடுபவர் ஏ, பி, சி (காலை, மதியம், இரவு) என்று முன்னோக்கிச் சுற்றினாலாவது கொஞ்சம் தாங்கும். சி, பி, ஏ என்று திருப்பிச் சுற்றினால் உடம்பு படுத்தும்.

விளக்கு இப்போது அக்கா வீட்டு பீரோ மேல் இருக்கிறது. எம்.சி. ரோட்டில் கறுப்புத் துணி வாங்கி, ஓரத்தில்கூட வெளிச்சம் கசியாதபடி ஜன்னலில் ஆணியடித்துவிட்டேன். இரண்டு மணி வரை தூங்குகிறேன். காயலான் கடை மைக்குக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.