எம்.எம்.ஏ.வுக்கு அடித்தளம் எது? குத்துச்சண்டையா, ஜியு-ஜிட்சுவா, மல்யுத்தமா?

மூன்று வருடம் குத்துச்சண்டை பழகிய தைரியத்தில்தான் ஒரு எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம், தரைப்பிடி எல்லாம் கலந்த சண்டை) வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரமே மாஸ்டர் என்னை ஒரு குஸ்திக்காரரோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) விட்டார். என்னைவிட எட்டு கிலோ குறைவு. ராணுவத்தில் இருந்தபோது மல்யுத்தம் ஆடியவர், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நான் இடது கையை நீட்டி ஒரு ஜாப் போட்டேன். கை அவர் தலைக்கு மேலே காற்றில் போனது. அவர் குனியவே இல்லை. முதுகு நேராக இருக்க, முழங்காலை மட்டும் மடக்கி ஒரு அடி கீழே இறங்கியிருந்தார். அடுத்த நொடி அவர் தோள் என் இடுப்பில் வந்து மோதியது. இரண்டு கையும் என் முழங்காலுக்குப் பின்னால் பூட்டியிருந்தன. நான் மேட்டில், அதாவது தரையில் விரித்த பயிற்சி மெத்தையில், மல்லாந்து கிடந்தேன். அடுத்த ரவுண்டிலும் அதேதான். எழுந்து நின்றதும் சொன்னார்: "தம்பி, நீ என் மூஞ்சியப் பாக்குற. நான் உன் இடுப்பப் பாக்குறேன். மூஞ்சி ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது."

அன்றைக்கு எனக்கு மூன்று வழி இருந்தது. கையில் இருக்கும் குத்துச்சண்டையோடு காலையும் சேர்த்து, தாய்லாந்தின் முவாய் தாய் பக்கம் போகலாம். தரையில் பிடிபோட்டு மடக்கும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பில் வெள்ளை பெல்ட் கட்டலாம். இல்லையென்றால் அந்தக் குஸ்திக்காரரிடமே போய் நிற்கலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன், நாலு வருடம் ஆகிறது. இப்போது பதினேழு வயது அக்கா மகன் வந்து, "மாமா, எம்.எம்.ஏ.வுக்கு எத முதல்ல கத்துக்கறது?" என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் அமெச்சூர் மட்டத்தில் இரண்டே போட்டி ஆடியவன். அதற்கு மேலே சொல்வதெல்லாம் வருடக்கணக்காகச் சண்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

எல்லாமே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி, முதல் இரண்டு மூன்று வருடத்தை எதில் போடுவது என்பதுதான். கராத்தேயும் டேக்வாண்டோவும் தூரத்தைக் கணிக்க அருமையாகக் கற்றுத்தரும். லயோட்டோ மச்சிடா கராத்தே நடையிலேயே 2009ல் யு.எஃப்.சி. என்ற பெரிய எம்.எம்.ஏ. போட்டித் தொடரில் சாம்பியன் ஆனார். ஆனால் அப்படி வந்தவர்கள் குறைவு. ஜூடோவில் பாதி வேலை எதிராளியின் உடுப்பைப் பிடிப்பது. எம்.எம்.ஏ. நடக்கும் கூண்டுக்குள் பிடிக்க உடுப்பே இருக்காது, வியர்வைதான் இருக்கும். சிலம்பமும் குத்துவரிசையும் என் மனசுக்கு நெருக்கமானவை, அவற்றை வேறு காரணத்துக்காகக் கற்க வேண்டும். சாம்போ என்ற ரஷ்ய மல்யுத்தக் கலை கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் நான் அதில் பயிற்சி எடுத்ததில்லை, பக்கத்தில் சொல்லித்தர ஆளும் கிடைக்கவில்லை. ஆக மிச்சம் இருப்பது மூன்று.

முதலில் ஜியு-ஜிட்சு, ஏனென்றால் இந்த விளையாட்டே அதிலிருந்துதான் தொடங்கியது. 1993 நவம்பர் 12, டென்வர் நகரம். முதல் யு.எஃப்.சி.யில் எடைப் பிரிவு இல்லை. ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒரே ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். ஹோய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்ததும், பிடி எதுவும் விழும் முன்பே டேப் அடித்து, அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். வெள்ளை உடுப்பில் வந்த அந்த ஒல்லியான மனிதர் அன்று மூன்று பேரை ஜெயித்தார். இரண்டாவது, நான்காவது போட்டிகளையும் அவரே வென்றார். தரையில் என்ன செய்வது என்று தெரியாதவனுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்பதை உலகத்துக்குக் காட்டியது அவர்தான்.

அந்தப் பாடம் இன்றும் பொய்யாகவில்லை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: சண்டை முதலில் தரைக்கு வர வேண்டும். 2017 ஜூலையில் டெமியன் மாயாவும் டைரன் வுட்லியும் மோதியதைப் பார்த்தால் இது புரியும். மாயாவின் ஜியு-ஜிட்சு எம்.எம்.ஏ. பார்த்ததிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. முதுகுப் பக்கம் ஏறிவிட்டால் அவரிடமிருந்து தப்புவது அபூர்வம். வுட்லி கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்தவர். ஐந்து ரவுண்டு, இருபத்தைந்து நிமிடம், மாயா மறுபடி மறுபடி காலுக்குப் பாய்ந்தார். ஒரு டேக்டவுன்கூட (எதிராளியைத் தரைக்குச் சாய்ப்பது) விழவில்லை. அவ்வளவு பெரிய வித்தையும் பையிலேயே இருந்துவிட்டது. வுட்லி அன்று தாக்குதலில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, சண்டை சுவாரசியமாகவும் இல்லை. கீழே போக மறுத்தார், அவ்வளவுதான். பட்டம் அவரிடமே இருந்தது.

நான் மல்யுத்தத்தின் பக்கம் சாய்வதற்கு முழுக் காரணமும் இதுதான். சண்டை நின்றபடி நடக்குமா, தரையில் நடக்குமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? குத்துச்சண்டைக்காரனால் அதை முடிவு செய்ய முடியாது. ஜியு-ஜிட்சுக்காரன் ஆசைப்படலாம், எதிராளி ஒத்துழைக்க வேண்டும். மல்யுத்தம் தெரிந்தவன்தான் இடத்தைத் தீர்மானிக்கிறான். எதிராளி கையில் பலசாலி என்றால் கீழே கொண்டுபோவான், தரையில் ஆபத்தானவன் என்றால் நின்றே ஆடுவான்.

இதில் இரண்டாவது பாதியைப் பலர் கவனிப்பதில்லை. முன்னாள் யு.எஃப்.சி. சாம்பியன் சக் லிடெல் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அந்த வலது கைதான். அவர் கல்லூரியில் மல்யுத்தம் ஆடியவர். அந்தப் பயிற்சியை அவர் யாரையும் கீழே தள்ளப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை, தான் விழாமல் இருக்கத்தான் பயன்படுத்தினார். எதிராளி காலுக்குப் பாயும்போது இடுப்பைப் பின்னால் எறிந்து, முழு எடையையும் அவன் தோள்மேல் போடுவதை ஸ்ப்ரால் என்பார்கள். அதைச் சரியாகச் செய்தால் பாய்ந்தவன் மூக்கு மேட்டில் தேயும். எனக்கு அது உடம்பில் ஏற எட்டு மாதம் ஆனது. ஏறிய பிறகுதான் என் பழைய குத்துச்சண்டைக்கே உயிர் வந்தது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு குத்தினால் எடை பின்காலிலேயே தங்கிவிடும், குத்தில் கனம் இருக்காது.

இதன் மறுபக்கத்தை 2018 அக்டோபரில் கபீப் நுர்மகமதோவும் கானர் மெக்ரெகரும் மோதியபோது பார்த்தோம். ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதிக்காரரான கபீப் மல்யுத்தத்தில் ஊறியவர், காம்பாட் சாம்போவில் இரண்டு முறை உலக சாம்பியன். முதல் ரவுண்டில் மெக்ரெகரை இழுத்துப் போட்டுக் கால்களைக் கட்டிவைத்தார். இரண்டாவது ரவுண்டில் மெக்ரெகரின் கவனம் முழுக்க டேக்டவுன்மீது இருந்தது. அப்போது கபீப் வலது கையை வீசினார், குத்துக்குப் பெயர்போன மெக்ரெகர் கீழே விழுந்தார். நாலாவது ரவுண்டில் கழுத்துப் பிடியில் ஆட்டம் முடிந்தது. கீழே போவோமோ என்று ஒருவன் யோசிக்க ஆரம்பித்தாலே அவன் கை இறங்கிவிடுகிறது.

இன்னொன்று, களைப்பு. மேலே ஒருவர் எடையைச் சரியாக வைத்துப் படுத்தால் மூச்சை முழுசாக இழுக்க முடியாது. கபீப் எதிராளியின் ஒரு மணிக்கட்டை அவர் முதுகுக்குப் பின்னாலேயே பிடித்துவைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நிதானமாக அடிப்பார். எங்கள் மல்யுத்தக் கோச் சார் ஒரு நாள் அதே பிடியை என்மேல் போட்டுக் காட்டினார். அடிக்கவே இல்லை, வெறுமனே பிடித்தபடி இரண்டு நிமிடம் இருந்தார். விடுவித்ததும் தோளுக்கு மேலே கை தூக்க முடியவில்லை.

இப்போது எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மல்யுத்தம் மட்டும் தெரிந்தவன் கதை பல முறை சோகமாக முடிந்திருக்கிறது. பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய மார்க் கோல்மன் 1996ல் யு.எஃப்.சி.க்கு வந்து எல்லோரையும் தள்ளி, மேலே உட்கார்ந்து அடித்து ஜெயித்தார். 1997ல் மாரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்சர், கீழே கிடந்தபடியே பொறுமையாகத் தாக்குப்பிடித்தார். கோல்மனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் எழுந்து உதைத்தே ஜெயித்தார். 2019ல் ஒலிம்பிக் மல்யுத்தக்காரரான பென் ஆஸ்க்ரென் வழக்கம்போலக் குனிந்து பாய்ந்தார். எதிராளி ஹோர்ஹே மாஸ்விடால் ஓடிவந்து முழங்காலால் அடித்தார். ஐந்தே நொடியில் சண்டை முடிந்தது.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. போகட் சகோதரிகளில் ஒருவரான ரித்து போகட் மல்யுத்தத்தை விட்டு எம்.எம்.ஏ.வுக்கு வந்து, 2021 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய அமைப்பின் கிராண்ட் பிரீ போட்டியில் இறுதிவரை போனார். எதிரே ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், முவாய் தாயில் பட்டம் வென்ற தாய்லாந்துப் பெண். ரித்துவால் அவரைத் தரைக்குக் கொண்டுபோக முடிந்தது. ஆனால் தரையில் ஆர்ம்பார் (முழங்கையை மடக்கும் பிடி) போட்டு ஜெயித்தது ஸ்டாம்ப். அந்த முடிவு எனக்குள் ரொம்ப நாள் உறுத்தியது. மல்யுத்தத்தில் சப்மிஷன் (பிடிபோட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைப்பது) கிடையாது. முதுகு மேட்டில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பழக்கம், கழுத்தையும் முழங்கையையும் காக்கும் பழக்கம் வருவதில்லை. இரட்டைக் காலுக்குப் பாயும்போது தலையை வெளிப்பக்கம் வைத்தால் கழுத்து எதிராளியின் அக்குளுக்குள் போய்விடும், கில்லட்டின் என்ற கழுத்து நெரிப்புப் பிடி விழும். எனக்கு என் முதல் அமெச்சூர் போட்டியில் அதுதான் விழுந்தது. அதனால் முதல் வருடம் முடிவதற்குள் ஜியு-ஜிட்சுவில் தற்காப்பையாவது கற்றே ஆக வேண்டும். அங்கே பிடிவாதம் காட்டக்கூடாது.

அப்புறம் நடுவர் கணக்கு. 2017க்குப் பிறகு வந்த தீர்ப்பு விதிகளின்படி, கீழே தள்ளி வெறுமனே படுத்திருந்தால் பெரிய மதிப்பெண் கிடைக்காது. அடி விழ வேண்டும், அல்லது சப்மிஷன் நெருங்க வேண்டும். இது மல்யுத்தக்காரர்களுக்குப் பாதகம்தான். ஆனாலும் விதி தானாகவே இடத்தை முடிவு செய்துவிடாது.

சரி, அடி உதைக் கலைகள். குத்துச்சண்டை மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி. பெரிய சாட்சி வேண்டுமென்றால் ஜேம்ஸ் டோனி. பல எடைகளில் உலகப் பட்டம் வென்றவர் 2010ல் மல்யுத்தத்திலிருந்து வந்த ராண்டி கூச்சருக்கு எதிராக எம்.எம்.ஏ.வில் இறங்கினார். கூச்சர் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்தார், முதல் ரவுண்டிலேயே முடிந்தது. பெரிய கிளவுஸை முகத்துக்கு முன் கேடயமாக வைத்துப் பழகியவனுக்கு நாலு அவுன்ஸ் கிளவுஸ் கேடயமாகாது. முன்காலில் எடை வைத்து நிற்பது லோ கிக்குக்கும் (காலில் விழும் உதை) சிங்கிள் லெக்குக்கும் (ஒரு காலைப் பிடித்துச் சாய்ப்பது) தானாக அழைப்பு வைப்பது மாதிரி. முவாய் தாய் அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்: முழங்கை, முழங்கால், கிளிஞ்ச் (நின்றபடி கட்டிப்பிடித்து ஆடுவது), லோ கிக் எல்லாம் நேராகக் கூண்டுக்குள் வரும். கையும் காலும்தான் உன் விருப்பம் என்றால் குத்துச்சண்டையை விட்டு முவாய் தாய்க்குப் போ என்று தயங்காமல் சொல்வேன்.

நாக்கவுட் கையில் இருப்பவனுக்கு ஒரு நொடி போதும் என்பதும் உண்மை. அலெக்ஸ் பெரேரா கிக்பாக்சிங்கிலிருந்து வந்து இரண்டு எடைகளில் யு.எஃப்.சி. பட்டம் வாங்கினார். ஆனால் 2015ல் அவருடைய முதல் எம்.எம்.ஏ. சண்டையில் பின்புறக் கழுத்துப் பிடியில் தோற்றார். அதற்குப் பிறகு விழாமல் நிற்கவும், விழுந்தால் எழவும் அவர் வருடக்கணக்கில் உழைத்தார். அந்த உழைப்பு முழுக்க மல்யுத்தமும் ஜியு-ஜிட்சுவும்தான்.

வயது விஷயத்தில்தான் என் கருத்து கொஞ்சம் தடுமாறுகிறது. மல்யுத்தம் சின்ன வயதில் உடம்பில் ஏற வேண்டும் என்பார்கள். என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். இருபத்தாறில் ஆரம்பித்த எனக்குப் பாயும் வேகம் இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் யு.எஃப்.சி. சாம்பியனாக இருந்த கனடாக்காரர் ஜார்ஜஸ் செயிண்ட் பியர் ஏழு வயதில் தொடங்கியது கியோகுஷின் கராத்தே. பள்ளியிலோ கல்லூரியிலோ மல்யுத்தம் ஆடியதே இல்லை. வளர்ந்த பிறகு மான்ட்ரியலில் மல்யுத்த வீரர்களோடு மேட்டில் கிடந்து கற்றார். 2007ல், 2001ன் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியனான ஜாஷ் காஸ்செக்கையே கீழே தள்ளி ஜெயித்தார். கராத்தேயில் பழகிய அந்த முன்பாய்ச்சல்தான் அவர் டேக்டவுனுக்கு வேகம் கொடுத்தது. அவர் அளவுக்கு உழைப்பு எல்லோராலும் முடியாது, ஆனால் கதவு மூடியிருக்கவில்லை.

உடம்புக்கு ஆகும் செலவையும் மறைக்கக்கூடாது. மல்யுத்தத்தில் முழங்கால், கழுத்து, விலா மூன்றும் அடி வாங்கும். மேட்டைத் தினமும் துடைக்காத இடத்துக்குப் போனால் படர்தாமரை நிச்சயம். எனக்கு இரண்டு தடவை வந்தது, ஒரு மாதம் மேட் பக்கம் போக முடியவில்லை. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும், துண்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஆனால் தலையில் தினமும் குத்து வாங்கும் வேலை இல்லை. குத்துச்சண்டை ஸ்பாரிங் முடிந்து தலைவலியோடு படுத்த ராத்திரிகள் எனக்கு நிறைய. மேட்டில் இருந்து அப்படி வீட்டுக்கு வந்ததில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு இதை நான் ரொம்பப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நம் ஊரில் பாக்சிங் கிளப் கிடைக்கிற அளவுக்கு நல்ல மல்யுத்த மேட் கிடைக்காது. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியிருந்தாலும் போகலாம் என்றுதான் மருமகனிடம் சொன்னேன். வாரத்தில் நாலு நாள் கோச் சாரிடம் மல்யுத்தம், சனிக்கிழமை முவாய் தாய் பேட் அடிப்பது, ஆறு மாதம் கழித்துக் கழுத்துக் காப்புக்காக ஜியு-ஜிட்சு என்று பேசி வைத்திருக்கிறோம். அவனுக்குச் சம்மதம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். மேட்டில் தேய்ந்து தேய்ந்து மடல் பாதி கட்டி தட்டியிருக்கிறது. "இவனுக்கும் இப்படி ஆயிடுமாடா?" என்றாள். அன்று சாயங்காலமே ஒரு காதுக் கவசம் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு வாரும் கன்னத்துக்குக் கீழே சரியாக இறுகுகிறதா என்று போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அவனுக்கு முதல் வகுப்பு.