அப்பாச்சியில் பைத்தான்: உள்ளே ஏற்றுவதா, வெளியே ஓட்டுவதா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் சைட் செய்து கொடுத்திருக்கிறேன். பிஎச்பி மொழியில் எழுதியது, அப்பாச்சி என்ற வெப் சர்வரில் ஓடுகிறது. விவசாயிகளின் மாதக் கணக்கைத் திரட்ட மட்டும் பைத்தான் மொழி தேவைப்பட்டது. ஒன்று, பைத்தானை ஓட்டும் மாட்-டபிள்யூஎஸ்ஜிஐ (mod_wsgi) மாட்யூலை அப்பாச்சிக்குள்ளேயே ஏற்றலாம். இல்லை, கூனிகார்ன் (Gunicorn) என்ற பைத்தான் சர்வரைத் தனி சர்வீஸாக 8000 போர்ட்டில் ஓடவிட்டு, கணக்குப் பக்கத்தைக் கேட்பவர்களை அதற்குத் திருப்பிவிட அப்பாச்சியில் ஒரு பிராக்ஸிபாஸ் வரி எழுதலாம். இரண்டையும் ஓட்டிவிட்டேன், இப்போது கூனிகார்ன்தான்.

வேகத்தில் இந்த அளவு வேலைக்கு வித்தியாசமே தெரியவில்லை. நிறுவ மாட்யூல்தான் சுலபம், கூனிகார்னுக்கு அதைச் சர்வீஸாகத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஃபைலும் எழுத வேண்டும்.

என்னை மாற்றியது அப்கிரேடு. மாட்யூல், எந்தப் பைத்தான் பதிப்போடு கம்பைல் ஆனதோ அதோடு கட்டுண்டது. நான் பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் வழியாக 3.8-க்குக் கம்பைல் செய்திருந்தேன். சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்குப் போனதும் பைத்தான் 3.10 ஆகிவிட்டது, பழைய லைப்ரரி ஃபைல் போய்விட்டது. மாட்யூலை ஏற்ற முடியாமல் அப்பாச்சியே எழவில்லை. விடியற்காலை நாலு மணி, மல்லிகை மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது, "தம்பி, பில்லே வரமாட்டேங்குது" என்று கடைக்கார அண்ணன் போன். மாதம் ஒருமுறை எடுக்கும் கணக்குக்காக நாள் முழுக்க ஓடும் பில்லிங் நின்றது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூனிகார்னும் அப்கிரேடில் தப்பாது. அடுத்து வந்த உபுண்டு 24.04-ல் பைத்தான் 3.12, ஆப்புக்கென்று தனியாக லைப்ரரிகளை வைக்கும் வெர்ச்சுவல் என்வை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ஆனால் அதுவரை கணக்குப் பக்கம் மட்டும் 503 (சர்வீஸ் கிடைக்கவில்லை) என்ற பிழையைக் காட்டியது, பில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கணக்குக் கோடை மாற்றினாலும் அந்த ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். பைத்தான் கோடைத் தனி பிராசஸில் ஓட்டும் மாட்யூலின் டீமன் மோடிலும் டபிள்யூஎஸ்ஜிஐ ஃபைலை டச் செய்தாலே (அதன் நேரத்தைப் புதுப்பித்தாலே) புதுக் கோடு வந்துவிடும், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் டீமன் மோடிலும் மாட்யூல் ஏறுவது அப்பாச்சிக்குள்தானே.

மெமரி மட்டும் கவனியுங்கள். சிபியு கோர் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டு என்பது, ஒர்க்கர் (வேலை செய்யும் பிராசஸ்) எத்தனை வேண்டும் என்று கூனிகார்ன் சொல்லும் கணக்கு. ஒரு கோருக்கு 3 வரும். 1 ஜிபி சர்வரில் பிஎச்பியும் இருப்பதால் நான் 2 வைத்திருக்கிறேன். ஒரு கடையின் கூட்டத்தை வைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன், பெரிய சைட் நடத்தியதில்லை. சர்வரில் அந்த ஒரு பைத்தான் ஆப்பைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால், உபுண்டு தரும் மாட்யூல் பேக்கேஜையே போட்டுக்கொள்ளலாம்.