ஒலி தடுக்கும் ஜன்னல்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் தெரு ஊரின் கடைசித் தெருவாக இருந்தவரை ஜன்னலைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. தெருவுக்கு அப்பால் வெறும் வெளியாகக் கிடந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, வரிசை வரிசையாக வீடுகள் எழும்பி, அத்தனை வீடுகளுக்கும் வெளியே போகும் வழி எங்கள் தெரு ஒன்றுதான் என்று ஆன பிறகு, படுக்கையறைக்கு ஒலி தடுக்கும் ஜன்னல் போடாமல் உறங்க முடியாது என்ற நிலை வந்தது. அதைப் பொருத்தி ஓராண்டு ஆகிறது. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது யூபிவிசி எனப்படும் கெட்டி நெகிழிச் சட்டத்தில் அமைந்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல். வெளிப்பக்கம் 6 மில்லிமீட்டர் கண்ணாடி. உள்பக்கம், நடுவே மெல்லிய நெகிழிப் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. இரண்டும் ஒரே தடிமனில் இருந்தால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து அதிர்ந்து, அந்த ஒலியை உள்ளே விட்டுவிடும் என்பதால் தடிமன் வேறுபட வேண்டும். இழுத்து மூடும் ஸ்லைடிங் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஓரங்களில் இருக்கும் பிரஷ் இழைகள் தூசியைத் தடுக்குமே தவிர ஒலியைத் தடுக்காது. கதவுபோல் திறந்து, பூட்டும்போது ரப்பர் கேஸ்கெட்டை அழுத்திப் பிடிக்கும் வகையே சரியானது.

முதல் வாரம் பெரிய ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு செலவு செய்தும், அதிகாலையில் எதிர்வீட்டுக்கு வரும் வண்டியின் ஹாரன் தலைமாட்டில் ஒலிப்பதுபோலவே கேட்டது. ஒரு காகிதத் துண்டைச் சட்டத்துக்கு நடுவே வைத்து ஜன்னலைப் பூட்டி, சுற்றிலும் ஒவ்வோர் இடமாக இழுத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் இறுகப் பிடித்த காகிதம், கீழ் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. பொருத்தியவர்கள் கீல்களைச் சரியாக முடுக்காததோடு, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் சிலிகோன் பசை பூசாமல் ஒரு விரற்கடை அளவு இடைவெளி விட்டிருந்தார்கள். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்ற பகுதி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. மூன்று முறை அழைத்த பிறகே வந்து சரிசெய்தார்கள். ஆகவே காகிதச் சோதனையைச் செய்து பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

அதன் பிறகு வித்தியாசம் உண்மையிலேயே பெரியது. பேச்சுக்குரலும் ஹாரனும் இரு சக்கர வண்டிகளின் இரைச்சலும் வெகுவாக அடங்கிவிட்டன. அடங்காதது, கட்டுமானப் பொருள் ஏற்றிவரும் லாரிகளின் உறுமல். ஜன்னல்களை விற்கும்போது காட்டப்படும், ஒலித் தடுப்புத் திறனைக் குறிக்கும் எஸ்டிசி (STC) மதிப்பு, 125 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள கனத்த ஒலியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தெருவோர வீட்டுக்கு வாங்குபவர்கள் வெளி இரைச்சலுக்கான தடுப்பை 80 ஹெர்ட்ஸிலிருந்து அளக்கும் ஓஐடிசி (OITC) மதிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னொரு குறை காற்று. இரவு முழுவதும் மூடிய அறையில் காலையில் தலை கனக்கிறது என்பதால், ஒலி தடுக்கும் காற்றுப் போக்கியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

புதிதாகக் குடிவந்தவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இறங்கிவந்து அழைக்காமல் வாசலில் நின்று ஹாரன் அடிப்பதும், நள்ளிரவில் கதவை அறைந்து மூடுவதும் அமைதியை நாடி வந்ததாகச் சொல்பவர்கள் செய்யும் செயல்களா? ஆனால் அவர்கள் அனைவரும் நாளை முதல் பண்போடு நடந்துகொண்டாலும் சிக்கல் தீராது. வேகமும் வண்டி வகையும் மாறாமல் எண்ணிக்கை மட்டும் பத்து மடங்கானால், சராசரி ஒலி 10 டெசிபல் கூடும்; அதைக் காது ஏறத்தாழ இரு மடங்கு இரைச்சலாக உணரும். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைப் போக்குவரத்தின் இரவுநேரச் சராசரி ஒலி 45 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அந்த அளவு வீட்டுக்கு வெளியே எடுக்கப்படுவது. என் ஜன்னல் வெளியில் எதையும் குறைக்கவில்லை. இத்தனை வீடுகளுக்கு ஒரே வழி வைத்து மனை பிரித்தவர்களும் அதற்கு ஒப்புதல் தந்தவர்களும் இன்னொரு சாலையைத் திறந்திருந்தால், இந்தச் செலவு பழைய குடியிருப்போர் தலையில் விழுந்திருக்காது.

தெருவைப் பார்த்த படுக்கையறைக்கு இந்த ஜன்னலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கூடத்துக்குப் போடவில்லை, யாராவது பெயர் சொல்லி அழைத்தால் காதில் விழ வேண்டும். பின்பக்க அறைக்குத் தேவைப்படாது என்று எண்ணியிருந்தேன். சென்ற மாதம் பின்னாலிருக்கும் நிலத்திலும் எல்லைக் கற்கள் நட்டிருக்கிறார்கள், அந்த ஜன்னலுக்கும் அளவெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.