பிரைன்ஸ்பாட்டிங்: இரண்டரை ஆண்டுகளாக ஒரு புள்ளியைப் பார்த்த அனுபவம்

விபத்து நடந்து ஓராண்டு கழிந்தும் என்னால் காரின் முன்னிருக்கையில் உட்கார முடியவில்லை. அன்று அண்ணன் ஓட்டினான், நான் பக்கத்தில் இருந்தேன். என் பக்கத்துக் கதவில்தான் லாரி மோதியது. எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. பிரேக் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைப்பது மட்டும் நிற்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு விளக்கெரிய வரும் வண்டியெல்லாம் அதே லாரி. பேசித் தீர்க்கும் சிகிச்சைக்குப் போய்ப் போய், நடந்ததைச் செய்தி வாசிப்பதுபோலக் கோவையாகச் சொல்லத் தேறிவிட்டேன். வாய் சொன்னதை உடம்பு நம்பவில்லை.

அப்போதுதான் பிரைன்ஸ்பாட்டிங் என்ற பெயர் காதில் விழுந்தது. பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி மனத்தில் தங்கிய அதிர்ச்சியைக் கையாளும் சிகிச்சை இது; டேவிட் கிராண்ட் என்ற அமெரிக்க உளச் சிகிச்சையாளர் 2003-இல் உருவாக்கிய முறை. அதற்கு முன் அவர், கண் அசைவைக் கொண்டு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையில் சிகிச்சை செய்துவந்தவர். 1987-இல் ஃபிரான்சின் ஷாபிரோ தொடங்கிவைத்த அந்த முறையில் கண்கள் இடமும் வலமும் ஓடும். கிராண்டிடம் வந்த பனித்தரை நடன வீராங்கனை ஒருவருக்கு ஒரு சுழல் தாவல் மட்டும் வராமல் இருந்ததாம். கிராண்டின் கையைத் தொடர்ந்துகொண்டிருந்த அவருடைய கண்கள் ஓரிடத்தில் துடித்து நின்றன; கிராண்டும் கையை அங்கேயே நிறுத்திக்கொண்டார்; மறுநாள் தாவல் வந்துவிட்டது. கிராண்ட் சொல்லும் பிறப்புக் கதை இது. அங்கே கண் ஓடும், இங்கே கண் நிற்கும். எனக்குப் புரிந்த வேறுபாடு இவ்வளவுதான்.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறிமுகப் பேச்சு எதுவுமில்லாமல் முதல் நாளே விபத்துக்குள் இறக்கிவிட்டார்கள். நேரம் முடிந்தபோது என் பதற்றம் பத்துக்கு ஒன்பது. ‘அடுத்த வாரம் தொடரலாம்’ என்றார்கள். படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன். அங்கே மறுபடி போகவில்லை. ஒவ்வோர் அமர்வையும் எப்படி முடித்துவைப்பீர்கள் என்று முதலிலேயே கேட்க வேண்டும் என்பதை அந்தப் படிக்கட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது சிகிச்சையாளர் நான்கு வாரம் விபத்தைத் தொடவே இல்லை. உடம்பில் எந்த இடம் கொஞ்சமாவது அமைதியாக இருக்கிறது என்று கேட்டார். என் பாதங்கள் மட்டும்தான் அப்படி இருந்தன. எந்தப் பக்கம் பார்க்கும்போது அந்த அமைதி கூடுகிறது என்று தேடி, அந்தப் புள்ளியைக் குறித்துவைத்துக்கொண்டார். அது திரும்பி வருவதற்கான கதவு. அதன் பிறகுதான் மற்றது.

மற்றது என்றால் இதுதான். விபத்தை நினைக்க வேண்டும்; பதற்றம் 0 முதல் 10 வரை எவ்வளவு, உடம்பில் எங்கே என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு நீண்ட குச்சியின் நுனியை என் கண் மட்டத்தில் மிக மெதுவாக நகர்த்துவார். நான் எங்கே எச்சில் விழுங்குகிறேன், எங்கே இமை படபடக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். சில நாள் தேடும் வேலை என்னுடையது: எங்கே பார்த்தால் நெஞ்சு அதிகம் இறுகுகிறது என்று நானே சொல்வேன். புள்ளி அகப்பட்டதும் குச்சி நின்றுவிடும். ஹெட்போனில் இசை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். ‘வருவதைக் கவனித்துக்கொண்டே இருங்கள்’ என்பார். பிறகு இருபது, முப்பது நிமிடம் பேச்சே இருக்காது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கா சிகிச்சை என்று தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது. கொட்டாவி வரும், கை நடுங்கும், சம்பந்தமே இல்லாமல் பள்ளிக்கூடத்து மைதானம் வரும். முடிந்த அன்று அடித்துப் போட்டாற்போல அசதி. இரவில் கனவுகள்.

லாரி வந்த பக்கம்தான் என் புள்ளி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது எதிர்ப்பக்கம், கீழே, அண்ணனின் கை இருந்த இடத்தில் இருந்தது. ஏழாவது அமர்வில் அங்கே பார்த்துக்கொண்டிருந்தபோது, விபத்துக்குச் சற்று முன் என் கைப்பேசியை அவனிடம் நீட்டி ‘இதைப் பாரேன்’ என்று சொன்னது நினைவில் எழுந்தது. அச்சத்துக்கு அடியில் இவ்வளவு காலம் குற்ற உணர்வு உட்கார்ந்திருந்திருக்கிறது. அழுது தீர்த்த பின் எண் நான்குக்கு இறங்கியது.

அண்ணனிடம் சொன்னேன். ‘நீ எதையும் நீட்டவில்லை. அப்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய்’ என்றான். யார் சொல்வது சரி என்று இன்றுவரை தெரியாது. ஆகவே இதில் எழுகிற காட்சிகளை நடந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இளகியது உணர்ச்சிதான்.

மனச்சோர்வுக்கு இது எனக்குக் கைகொடுக்கவில்லை. எட்டு மாதம் முயன்றோம். பதற்றத்துக்கு ஓர் இடம் இருந்தது. சோர்வு எந்தத் திசையில் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருந்தது. மனநல மருத்துவர் தந்த மாத்திரையும் காலை நடையும்தான் அதைத் தாங்கிப் பிடித்தன. மாத்திரை இன்னும் தொடர்கிறது. இந்தச் சிகிச்சை தொடங்கியதும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அறிவியல் பக்கம் இன்னும் மெலிவானதுதான். சத்தம் வந்த திசைக்கு நாம் நினைக்கும் முன்பே கண்ணைத் திருப்பிவிடும் பகுதி நடுமூளையில் இருப்பது உண்மை. ஒரு புள்ளியைப் பார்ப்பதால் அதிர்ச்சி அங்கிருந்து வெளியேறுகிறது என்பது இன்னும் கருதுகோள்தான். விளம்பரங்கள் இதை மெய்ப்பித்த உண்மைபோல எழுதுவது எனக்கு உறுத்துகிறது. இ.எம்.டி.ஆருடன் ஒப்பிட்டு 2017-இல் வந்த ஆய்வை எழுதியவர்களில் கிராண்டும் ஒருவர். உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இ.எம்.டி.ஆர். இருக்கிறது, பிரைன்ஸ்பாட்டிங் இல்லை. எனக்குப் பயன்பட்டது புள்ளியா, இல்லை அவசரப்படாமல் அரை மணி நேரம் என்னோடு சும்மா உட்கார்ந்திருந்த அந்த மனிதரா என்று பிரித்துச் சொல்ல எனக்கே வழியில்லை.

கடைசி அமர்வு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. முன்னிருக்கையில் உட்காருகிறேன். அண்ணன் பிரேக் போடும்போது என் காலும் தானாகத் தரையை அழுத்துகிறது; அவன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். எண் கேட்டால் 2 என்பேன்.