ஆண்டி காஃப்மனா, ஸ்டீவ் மார்ட்டினா?

1970களின் அமெரிக்க ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை மேடையில் இவர்கள் இருவரையும் போல விசித்திரமானவர்கள் குறைவு.

மார்ட்டின் தலையில் அம்பு துளைத்தது போல மாட்டிக்கொண்டு பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை வாசிப்பார். அது வேஷம் என்று கூட்டத்துக்குத் தெரியும். பெரிய பெரிய அரங்குகளை நிரப்பியவர், 1981-இல் மேடையை விட்டு சினிமாவுக்குப் போய்விட்டார்.

காஃப்மன் வேறு ரகம். எது நடிப்பு, எது நிஜம் என்று கடைசிவரை பிடி கொடுக்கவே மாட்டார். 1979-இல் கார்னகி ஹால் நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டத்தைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார். பெண்களோடு மல்யுத்தத்திலும் இறங்கினார். 1982-இல் மெம்ஃபிஸில் மல்யுத்த வீரர் ஜெர்ரி லாலரிடம் அடிபட்டு, கழுத்துப் பட்டையோடு டிவிக்கு வந்தார். அந்தப் பகை இருவரும் பேசிவைத்த நாடகம் என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. 1984-இல், 35 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதையும் பலர் நம்பவில்லை!

வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டுமா, மார்ட்டினைப் பாருங்கள். என் ஓட்டு காஃப்மனுக்குத்தான். மொத்தக் கூட்டமும் திட்டித் தீர்த்தபோதும் வேஷத்தைக் கலைக்காமல் நின்ற அந்தத் துணிச்சலை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.