காகிதத்தைக் குறைக்க இருபக்க பிரிண்டரா, ஸ்கேனரா, பிடிஎஃப் பில்லா?

பெங்களூர் பீனியாவில் ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஆபீஸில் காகிதத்தைத் தின்பது பில்லும் டெலிவரி சலானும்தான் (விற்காமல் அனுப்பும் சரக்கோடு போகும் சீட்டு). சரக்குக்கான ஜிஎஸ்டி பில் மூன்று பிரதி: வாங்குபவருக்கு, வண்டிக்கு, நமக்கு. பிளேட்டிங்குக்கு (முலாம் பூச) அடுத்த தெருவுக்கு அனுப்பினாலும் சலான் அதே மூன்று.

இருபக்க பிரிண்டர் வாங்கினால் பாதி மிச்சம் என்பார்கள். மூன்று பிரதியும் மூன்று பேர் கைக்குப் போகிறவை, பின்பக்கத்தில் எதை அச்சடிப்பது? கொட்டேஷன், லெட்ஜருக்குச் சரி. பழைய பிரிண்டர் படுத்தால் வாங்கலாம், இதற்காகவே வேண்டாம்.

ஸ்கேனர் தாளை மிச்சம் பிடிக்காது. அச்சடித்ததைத்தானே ஸ்கேன் செய்கிறோம்! ஆனால் அலமாரி காலியாகும். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்தாலும் சட்டம் ஏற்கும். எழுத்து மங்கிப்போகும் பெட்ரோல் பங்க் ரசீதுகளுக்கு போன் கேமராவே போதும்.

என் ஓட்டு பிடிஎஃப்புக்கு. டாலி என்ற கணக்கு மென்பொருளில் போட்ட பில்லை அப்படியே மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பலாம். முறையான மின்னணு பில்லுக்குக் கையெழுத்தும் கட்டாயமில்லை. நம் பிரதி டாலியிலேயே இருக்கிறது. ஆக, இரண்டு தாள் போச்சு.

மூன்றாவது தாள்தான் வம்பு. வழியில் அதிகாரிகள் வண்டியை நிறுத்தினால் இ-வே பில் (சரக்கு போவதற்கு அரசுத் தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) எண்ணைப் போனில் காட்டலாம். பில்லோ சலானோ தாளாகவே இருக்க வேண்டும். ஆனால் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்த பில்) கட்டாயம். அவர்களுக்கு மூன்று பிரதி விதியே கிடையாது, கியூஆர் குறியீட்டைப் போனில் காட்டினால் வண்டி நகரும். காகிதச் சுமை சின்ன ஆபீஸுக்குத்தான், என்ன நியாயமோ! ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) சலானில் மட்டும் அவர்களும் தப்ப முடியாது: மாநில எல்லை தாண்டி ஓசூருக்கு அனுப்பினால், சரக்கின் மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில் வேண்டும், கூடவே தாள் சலானும்.

அப்புறம், வாங்குபவரின் ஸ்டோர்ஸ். கேட்டில் இன்வர்ட் சீல் (சரக்கு உள்ளே வந்ததற்கான முத்திரை) குத்திய தாள் இல்லாமல் பேமென்ட் நகராத கம்பெனிகள் உண்டு. அதனால் வண்டியோடு போகும் ஒரே தாளில் சீல் வாங்கி, டிரைவரையே படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அந்தப் படத்தை அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொண்டு, சரி என்பவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம்.