பாத்ரூம் சீலிங்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

பொங்கலுக்கு முந்தின வாரம் திருமங்கலத்தில் இருந்து நண்பன் கூப்பிட்டான். "உங்க வீட்டு பாத்ரூம் சீலிங்குக்கு என்ன பெயிண்ட் அடிச்ச? பேரை மட்டும் சொல்லு, நாளைக்கு ஆள் வருது" என்றான். நான் பேரைச் சொல்லாமல் முக்கால் மணி நேரம் பேசினேன். அவனுக்கு எரிச்சல். அன்றைக்குச் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் எங்கள் வீடு அப்பா கட்டியது. பாத்ரூம் ஏழடிக்கு ஐந்தடி. மேலே மொட்டை மாடி, தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதித்தது. பாத்ரூமுக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டி. 2019ல் சீலிங் முதல் முறை உரிந்தபோது ஒரு பெயிண்டரை வைத்து பட்டி பார்த்து எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்ட், அடித்தோம். எட்டு மாதம்கூட நிற்கவில்லை. அடுத்த வருடம் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, ஓதம் தாங்கும் என்று ஒரு விலை கூடின பெயிண்டை வாங்கி அடித்தோம். அது உரியக்கூட இல்லை, இட்லி மாதிரி உப்பிக்கொண்டது. குத்தினால் உள்ளே தண்ணீர். இரண்டு தடவையும் வேலைக்கு வந்தவர்கள் உதிர்ந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மேலேயே பூசினார்கள். ஒட்டிக்கொண்டிருந்த இடமும் நாளைக்கு உதிரப்போகிற இடம்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூலியை எண்ணி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தெரியாதா என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கோடையிலும் கீசர் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத்தான் குளிப்பார். ஒருநாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர், "மேல இருந்து என்னமோ உதிருதுப்பா, தலையில பாரு" என்றார். நரைமுடிக்குள் வெள்ளைப் பொருக்கு சிக்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. அதன் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. மேலே மெழுகு மாதிரி இரண்டு பெயிண்ட் தோல். அதற்குக் கீழே மாவாக ஒரு வெள்ளை, லேசான நீலம், மறுபடி வெள்ளை, மறுபடி நீலம். வருடா வருடம் பொங்கலுக்கு அப்பா சுண்ணாம்பில் நீலம் கலந்து மட்டையால் அடித்தது. நகத்தால் தேய்த்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அதை எங்கள் தெருக் கொத்தனார் அண்ணனிடம் காட்டினேன். "செவுருக்கும் பெயிண்டுக்கும் நடுவுல மாவு கிடக்கு தம்பி. எதை அடிச்சாலும் அது மாவைத்தான் பிடிக்கும், செவுரைப் பிடிக்காது" என்றார். எமல்ஷன் காயும்போது இறுகும். இறுகும்போது கீழே இருக்கும் சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு எழும்பும். இடையில் நீராவி போய் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து அவர் செய்யச் சொன்ன ஒரு சின்னக் காரியம்தான் எங்களுக்கு வழி காட்டியது. ஆவின் பால் கவர் இரண்டை வெட்டி விரித்து, கழுவித் துடைத்து, சீலிங்கின் நடுவில் ஒன்று, தொட்டிக்குக் கீழே இருக்கும் மூலையில் ஒன்று என்று நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினோம். டேப் பிடிக்க வேண்டும் என்பதால் அந்த இடங்களை முதலில் சுரண்டிக்கொண்டோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், நடுவில் ஒட்டிய கவரின் வெளிப்பக்கம்தான் முத்து முத்தாகத் தண்ணீர், உள்பக்கம் காய்ந்து கிடந்தது. மூலையில் ஒட்டியதோ உள்பக்கம் நனைந்திருந்தது. அதாவது நடுவில் இருப்பது குளியல் ஆவி, மூலையில் இருப்பது மாடியில் இருந்து இறங்கும் கசிவு. இரண்டுக்கும் ஒரே டப்பாவில் மருந்து கிடையாது. மேலே இருந்து தண்ணீர் இறங்கும் இடத்தில் கீழே எவ்வளவு கெட்டியான பெயிண்டை அடித்தாலும் அது உப்பத்தான் செய்யும்.

வேலையை 2022 மே மாதம், கத்திரி வெயிலில் வைத்துக்கொண்டோம். சுரண்ட மட்டும் இரண்டு நாள். ஸ்பாஞ்சால் நனைத்து, ஊறவைத்து, பட்டித் தகடால் இழுத்து, சிமென்ட் பூச்சு சாம்பல் நிறத்தில் தெரியும்வரை விடவில்லை. அப்பாவின் சுண்ணாம்பு முழுக்கக் கீழே இறங்கியபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கரும்பூசணம் பிடித்த இடங்களை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவினோம். ஒரு எச்சரிக்கை: பாத்ரூமில் தரை கழுவ வைத்திருக்கும் ஆசிட் எதையும் அதே நேரத்தில் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அந்தச் சின்ன அறையில் மூச்சுக்கே ஆபத்து. பூச்சு பெயர்ந்த இடங்களில் புதுக்கலவை வைத்தோம். போர் தண்ணீரில் கலவை போட்டால் பின்னால் உப்புப் பூக்கும் என்று வைகைத் தண்ணீர் வரும் நாள்வரை கொத்தனார் காத்திருந்தார். புதுப்பூச்சு நாலு வாரம் காயட்டும் என்று விட்டோம். அதற்குப் பிறகு வெள்ளை சிமென்ட் பட்டி, உப்புத்தாள், பிரைமர், சாதாரண எமல்ஷன் மெல்லிசாக இரண்டு கோட்டு. ஜிப்சம் பட்டி பாத்ரூமுக்கு ஆகாது, ஈரம் பட்டால் இளகிவிடும்.

நான் மனசார மெச்சுவது பெயிண்டை இல்லை, ஆறு இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேனை. வெண்டிலேட்டரில் இரண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொருத்தினோம். முதல் வாரம் ஃபேன் ஓடியும் ஆவி போகவில்லை. கதவு கீழே தரையோடு ஒட்டி இருந்ததால் உள்ளே காற்று வர வழியே இல்லை. பிவிசி கதவின் அடியில் முக்கால் இஞ்ச் அறுத்த அன்றைக்கே, குளித்து முடித்த கால் மணி நேரத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி தெளிந்தது. முன்பெல்லாம் மத்தியானம் போனாலும் சீலிங் வேர்த்திருக்கும்.

ஆனால் இந்த ஃபேனோடு இரண்டரை வருடமாக எனக்கு ஒரு சண்டை. அம்மா அதைப் போடமாட்டார். மார்கழியில் ஈர உடம்பில் குளிர்காற்று இழுக்கிறதாம். நியாயம்தான், அதனால் குளித்து முடித்த பிறகு போடுங்கள் என்றேன். மறந்துவிட்டார். லைட்டோடு சேர்த்து ஒரே சுவிட்சில் கொடுத்தோம். வெளியே வந்ததும் லைட்டை அணைப்பது அவருக்குக் கையோடு பிறந்த பழக்கம், கூடவே ஃபேனும் நின்றது. குளித்து முடித்த பிறகுதானே அது ஓட வேண்டும்! கடைசியில் லைட்டை அணைத்தாலும் கால் மணி நேரம் ஓடி நிற்கிற டைமர் ஒன்றை எலக்ட்ரீஷியன் மாட்டினார். இப்போது ஓடுகிறது. "ஆளில்லாத ரூமுக்கு ஃபேனா" என்று அம்மா தினமும் கேட்கிறார்.

நடு சீலிங் மூன்று ஐப்பசி கார்த்திகையைத் தாண்டிவிட்டது. ஒரு கீறல் இல்லை. மூலை வேறு கதை. தட்டோட்டு இடுக்குகளை மாடியில் அடைத்தோம், தொட்டி ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தை மட்டும் தொட முடியவில்லை. தொட்டியை இறக்கினால்தான் முடியும். இரண்டு மழைக்காலம் தாங்கியது. 2024 அக்டோபர் 25ந்தேதி மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் மூலை அடுத்த வாரமே உப்பியது. குத்திவிட்டு, சுற்றிலும் சுரண்டி, வெறும் சிமென்டாக விட்டிருக்கிறேன். நண்பனிடம் அந்தப் பெயிண்டின் பேரைச் சொல்லாததற்கு அந்த மூலைதான் காரணம். நடுவில் அது நன்றாகத்தான் நிற்கிறது. இருந்தாலும் தினமும் தலை நிமிர்ந்தால் மூலைதான் கண்ணில் படுகிறது, இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய எனக்கு வாய் வரவில்லை.

பொங்கலுக்கு அடிக்காதே என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று மாத மழையைக் குடித்த தளம் தை மாதத்தில் காய்ந்திருக்காது. இப்போது சுரண்டி மட்டும் போடு, பங்குனி சித்திரை வெயில் ஏறட்டும், அதுவரை வெறும் சிமென்டாகவே கிடக்கட்டும் என்றேன். "விருந்தாளி வந்தா என்ன நினைப்பாங்க?" என்றான். வந்த பெயிண்டரை வாசல் பக்கம் அடிக்கச் சொல்லிவிட்டதாக நேற்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். சீலிங்கில் பால் கவர் ஒட்டியாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் போய் எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.